பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் என்னிடம் கேட்பவை

பதினெட்டு வயது வரை நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. ஊசி என்றால் எனக்குத் தெரிந்தது கோணி ஊசி மட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு தோட்டம், நடுவில் ஓட்டு வீடு, சுற்றிலும் கிளுவை வேலி. அதற்குள் அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள். உறவுக்காரர்கள் வருவது மெல்ல மெல்ல நின்றுபோயிருந்தது. 2010இல் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். 22 வயதில் பத்தாம் வகுப்பு எழுதினேன். இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை.

என் எண் எப்படியோ கைமாறிக்கொண்டே இருக்கிறது. மாதம் நான்கைந்து பேராவது கூப்பிடுகிறார்கள். ஒரே பதிலை ஐம்பதாவது தடவை சொல்லும்போது என் குரலில் சலிப்பு தட்டிவிடுகிறது. கேட்பவருக்கோ அதுதான் முதல் தடவை. அந்த உறுத்தலில் எழுதியது இது. கேள்விகளைக் கூடியவரை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, எங்கள் வீடும் அந்த மாதிரி வீடுதானா, இல்லை கொஞ்சம் கண்டிப்பான வீடா? எனக்கே தெரியவில்லை.

செக்கு எண்ணெய், சிறுதானியம், மண் வீடு, தொலைக்காட்சி இல்லாத கூடம் எதுவும் அடையாளம் ஆகாது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் நீச்சலுக்குப் போகிறார்கள், லீவில் அத்தை வீட்டில் தங்குகிறார்கள், காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் போகிறார்கள்.

நான் திருப்பிக் கேட்பது இவைதான். பெற்றோரோடு வாதாடிய உறவினர் யாராவது இன்னும் வீட்டுக்கு வந்துபோகிறாரா? உங்கள் பெயரில் அரசாங்கத் தாள் ஒன்றாவது உண்டா? உடம்பு சரியில்லை என்று வாய்திறந்து சொல்ல உங்களுக்குப் பயமாக இருந்ததா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று வந்தால் மற்றவற்றை நான் கேட்பதே இல்லை. எங்கள் வீட்டில் காய்ச்சல் என்பது குற்றம். உடம்பில் கழிவு சேர்ந்திருக்கிறது, நேற்று எங்கே என்ன தின்றாய் என்று விசாரணை நடக்கும். ஒரு கடைவாய்ப் பல்லின் வலியை நான் எட்டு மாதம் மறைத்தேன்.

சித்த மருத்துவத்தை நம்பினால் தப்பா? எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மருந்து மட்டும்தான் வேண்டாம் என்றார்கள்.

தப்பே இல்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருத்துவப் பட்டம் ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அதில் உடற்கூறியலும் உண்டு. டெங்கு பரவிய காலத்தில் நிலவேம்புக் குடிநீரை அரசாங்கமே காய்ச்சிக் கொடுத்தது. முறையாகப் படித்த சித்த மருத்துவர் தன்னால் ஆகாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதி அனுப்புவார்.

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் வேறு இனம். மூன்று நாள் முகாமில் கற்றுக்கொண்டு, பெயருக்கு முன்னால் 'ஹீலர்' என்று போட்டுக்கொண்டவர்கள். 'உடம்புக்கே தெரியும், சும்மா இரு' என்ற ஒரே வைத்தியத்தை மஞ்சள் காமாலைக்கும் சொல்வார்கள், மலச்சிக்கலுக்கும் சொல்வார்கள். அவ்வளவு எளிது என்றால் சித்தர் தேரையர் எதற்கு அத்தனை பாட்டு எழுதி வைத்தார்?

எங்கள் அப்பா இன்ஜினியர். படித்தவர் எப்படி இப்படி ஆனார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

படிக்காததுதான் காரணம் என்பது நகரத்துக்காரர்களுக்கு வசதியான எண்ணம். நான் பார்த்த இத்தகைய வீடுகளில் அநேகமாக அப்பா பட்டதாரி. எழுத்தறியாத தாய் பிள்ளைக்கு மந்திரித்த கயிறும் கட்டுவார், மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வரிசையில் நிற்பார். ஒன்றை அடியோடு விலக்கிவைக்கக் கொள்கை வேண்டும். கொள்கை வளர்க்கக் கொஞ்சம் படிப்பும் நிறைய ஓய்வும் வேண்டும்.

பல வீடுகளில் தொடக்கம் ஓர் உண்மையான அடி. எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்து, ஒன்பதாம் நாள் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். என்ன ஆயிற்று என்று யாரும் அப்பாவை உட்காரவைத்துச் சொல்லவில்லை. பில்லைக் கட்டிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அந்தப் பில் இன்றும் டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அதன்பிறகு எதைப் படித்தாலும் யாரைக் கேட்டாலும் அப்பாவுக்கு அது அந்தப் பில்லுக்குப் பொழிப்புரையாகவே தெரிந்தது. டாக்டர்களையும் நவீனக் கல்வியையும் காந்தி 1909இல் சாடி எழுதியது முதலில் கிடைத்தது. பிறகு ஒலிநாடாக்கள், பிறகு குறுந்தகடுகள், கடைசியில் வாட்ஸ்அப்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வதந்தி தமிழ்நாடு முழுக்க ஓடியதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் சின்ன வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 'பார்த்தாயா, பள்ளிக்கூடம் இல்லாமலும் பிள்ளை வளர்கிறது' என்று அந்த இடைவெளியில் முடிவுகட்டிய வீடுகளிலிருந்து இப்போது எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கியிருக்கின்றன.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது சட்டப்படி குற்றமா?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியைப் பற்றியும் அது வாய் திறக்கவில்லை. 'கல்வி உரிமைச் சட்டத்தில் போலீஸ் பிடிக்கும்' என்று மிரட்டும் பெரியப்பாவும் தவறு, 'சட்டமே அனுமதிக்கிறது' என்று சொல்லும் அப்பாவும் தவறு.

உங்களுக்கு உதவும் பிரிவுகள் வேறு. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக்கூடாது. ஆண்டு நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்காமல் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

எனக்கு ஒரு சான்றிதழும் இல்லை. எங்கே தொடங்குவது?

பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். படிப்பு ஒரு வருடம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக்கூடாது. உங்கள் பிறப்பை நேரில் அறிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. ஓராண்டு தாண்டிவிட்டால் பதிவாளர் தானாகப் பதிய முடியாது, மேலே ஓர் ஆணை வேண்டும். நான் வாங்கிய காலத்தில் அதற்குக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இப்போது வருவாய்த்துறைப் பக்கம், கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. முதலில் பிறந்த ஊரின் பதிவேட்டில் தேடச் சொல்லி, பதிவு இல்லை என்ற சான்றை வாங்குங்கள். அதோடு அம்மாவின் உறுதிமொழி, பெயர் ஏறியிருந்தால் ரேஷன் கார்டு, பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் வாக்குமூலம். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருவார், அக்கம்பக்கத்தில் கேட்பார். வேலிக்கு அப்பால் யாரோடும் பேசாமல் வளர்ந்ததன் விலை அப்போது தெரியும். எங்களைத் தெரியும் என்று சொல்ல பால்காரர் ஒருவர்தான் இருந்தார்.

தேதி எது என்பது அடுத்த சிக்கல். எங்கள் வீட்டில் ஆங்கிலத் தேதியே கிடையாது. 'ஆங்கீரச வருடம், ஆடி மாதம், ரோகிணி' என்று மட்டும் அப்பா ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். ஆங்கீரச என்றால் 1992 ஏப்ரலில் தொடங்கிய தமிழ் ஆண்டு. பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு மாமா தேதி பிடித்தார். ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு தடவை வருவதுண்டு. அப்படி வந்தால் அம்மாவின் நினைவைத்தான் கிளற வேண்டும்: பதினெட்டாம் பெருக்குக்கு முன்னாலா பின்னாலா, மாடு ஈன்றிருந்ததா, மழையா வெயிலா. ஒரு தேதியை முடிவுசெய்தபின் எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள். ஓரிடத்தில் ஜூலை, ஓரிடத்தில் ஆகஸ்ட் என்று எழுதிவிட்டு அழுதவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

ஆதார் இருக்கிறதே, போதாதா?

போதாது. ஆதார் நீங்கள் இன்னார் என்பதற்குச் சான்று. பிறந்த தேதிக்குச் சான்றாக அதைப் பல இடங்களில் ஏற்பதில்லை. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று என்று சட்டம் மாறியிருக்கிறது. இன்று வீட்டில் பிறந்து பதியப்படாமல் இருக்கும் குழந்தையின் கதவு என்னுடையதைவிட இறுக்கமாகச் சாத்தியிருக்கும்.

எனக்கு 19 வயது. தமிழ் நன்றாகப் படிப்பேன். கணக்கில் கூட்டல் கழித்தல் மட்டும். என்ன தேர்வு எழுதலாம்?

இரண்டு வழி. ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. பள்ளியே போகாதவர் முதலில் எட்டாம் வகுப்பு தனித்தேர்வு எழுத வேண்டும், பிறகு பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடமும் கட்டாயம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும் என்பதைக் கவனிக்காமல் பலர் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

இன்னொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கியது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவர், இந்தப் படிப்பைப் படிக்கும் திறன் தனக்கு உண்டு என்று தானே எழுதிக் கொடுக்கலாம். ஐந்து பாடம், அவற்றை நாமே தேர்ந்தெடுக்கலாம், தமிழிலும் எழுதலாம். ஐந்தாண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகத் தேறினாலும் செல்லும். நான் போனது இந்த வழி. கணக்கைத் தள்ளிவைக்க முடியும் என்பதுதான் முதலில் என்னை இழுத்தது. மாமா விடவில்லை. 'கணக்கை விட்டால் அப்பாவின் தோட்டத்திலேயே இருந்திருக்கலாமே' என்றார். அப்போது கோபம் வந்தது. இன்று கணக்குதான் சோறு போடுகிறது.

தமிழ் நன்றாக வரும் என்கிறீர்கள் அல்லவா, அதை நம்புங்கள். பின்னமும் சதவீதமும் 19 வயது மூளைக்கு ஆறு மாத வேலை. பத்து வயதில் மூன்று ஆண்டு எடுத்திருக்கும்.

பத்தும் பன்னிரண்டும் எதற்கு, நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை. பணத்தைக் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் திருத்தினார்கள். ஆங்கில வாசனையே படாமல், குறளும் ஆத்திசூடியும் தவிர வேறு பாடம் இல்லாமல் வளர்ந்த நமக்கு, முதல் வகுப்பு படித்ததாகக் காட்ட ஒரு தாள் கிடையாது. இதை அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். 'பார், அவர்கள் தமிழையும் தாளில்தான் தேடுகிறார்கள்' என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையில்லை.

ஒரு தடுப்பூசிகூடப் போட்டதில்லை. இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே, இப்போது எதற்கு?

ஒன்றும் ஆகாததற்குப் பெரிய காரணம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்டது. தட்டம்மை உங்கள் வேலிவரை வராமல் அவர்கள் தடுத்தார்கள். டெட்டனஸ் அப்படியில்லை. அது மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை, ஆகவே ஊரே போட்டுக்கொண்டாலும் உங்களைக் காக்காது. மண்வெட்டி பிடித்து வளர்ந்த நமக்கு முதலில் வேண்டியது அதுதான். இதுவரை போடாதவருக்கு மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, பிறகு ஆறு மாதத்துக்கு மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெண்கள் ரூபெல்லா பற்றி டாக்டரிடம் பேசுங்கள். கருவுற்ற முதல் மாதங்களில் அது வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும். அந்த ஊசியைக் கர்ப்பத்தின்போது போடமாட்டார்கள், போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிக்கக்கூடாது, எனவே கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே கேட்பது நல்லது. நாய் கடித்தால் யோசனையே கூடாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். ரேபீஸ் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பவர் அநேகமாக இல்லை. குழந்தைப்பருவ ஊசிகள் சில பெரியவர்களுக்குத் தேவைப்படாது. பட்டியலை டாக்டர் சொல்லட்டும், என்னிடம் கேட்காதீர்கள்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கை நடுங்குகிறது. என்ன செய்வார்கள்?

அரசு மருத்துவமனை என்றால் முதலில் ஓ.பி. சீட்டு வரிசை. பெயர், வயது கேட்பார்கள், சான்றிதழ் எதுவும் வேண்டாம். சீட்டில் எழுதிய எண்ணுள்ள அறைக்குப் போய் உட்காருங்கள். என்னுடைய முதல் தடவையில், கையில் சுற்றிய ரத்த அழுத்தப் பட்டை இறுகியதும் எழுந்து ஓடப்பார்த்தேன். அது இறுகும், பிறகு தளரும். யாரும் எனக்கு அதை முன்னால் சொல்லவில்லை, உங்களுக்கு நான் சொல்கிறேன்.

'இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?' என்று டாக்டர் திட்டலாம். எங்களைப் போன்றவர்கள் அந்த ஒரு வசவில் திரும்பிப் போய்விடுகிறோம், வீட்டில் சொன்னது சரியாகிவிடுகிறது. போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 'எங்கள் வீட்டில் மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வழக்கம் இல்லை. இதுவே எனக்கு முதல் தடவை. தடுப்பூசி எதுவும் போட்டதில்லை.' அதை நீட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். நான் கொடுத்த தாளைப் படித்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. திட்டுபவர் வாய்த்தால் அவர் எழுதித்தரும் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். போக முடியாத அளவு குழப்பமாக இருந்தால் 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

வயிற்றுவலி என்றால் வீட்டில் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அதிலென்ன தப்பு?

என் பெரிய தம்பிக்கு 12 வயதில் அதைத்தான் கொடுத்தார்கள். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. வாந்தி, காய்ச்சல். அப்பா இரண்டு நாள் விளக்கெண்ணெயும் எனிமாவும் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை வலி சட்டென்று குறைந்தது, அப்பா முகத்தில் வெற்றி. குடல்வால் வெடித்தால் வலி கொஞ்ச நேரம் அப்படித்தான் குறையும். மாலையில் தம்பியின் வயிறு பலகையாகிவிட்டது. தற்செயலாக வந்த மாமா, அப்பாவைத் தள்ளிவிட்டு அவனைத் தூக்கி ஆம்னி வேனில் போட்டுக்கொண்டு போனார். பிழைத்தான். மாமாவோடு பேச்சு முறிந்தது. நான்கு வருடம் கழித்து நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டினேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

குடல்வால் அழற்சியில் பேதிமருந்து ஆபத்து. வலி வலது கீழ்ப்பக்கம் போனால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் கூடத்தில் காந்தி படம் மாட்டியிருந்தது. அந்தக் காந்திக்கே குடல்வால் அழற்சி வந்தது என்பது எனக்கு இருபது வயதுக்கு மேல்தான் தெரியும். எரவாடா சிறையிலிருந்து பூனா சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 1924 ஜனவரி 12 இரவு கர்னல் மேடாக் என்ற வெள்ளைக்கார டாக்டர் அறுவை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று, அரிக்கேன் விளக்கில் முடித்தார்கள். காந்தி சம்மதித்துத்தான் படுத்தார். அப்பாவுக்கு இது முன்பே தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஏழு மாதம் முடிந்துவிட்டது. கணவர் வீட்டில் பிரசவத்தை வீட்டிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே பெற்றார்கள்?

பெற்றார்கள். உங்கள் பாட்டியிடம் எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது என்று கேளுங்கள். அவருடைய அக்கா தங்கைகளில் யார் பிரசவத்தில் போனார் என்றும் கேளுங்கள். நஞ்சுக்கொடி வெளியே வராமல் ரத்தம் போகத் தொடங்கினால் கையில் இருப்பது நிமிடங்கள்தான். 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் ஆசிரியை வீடியோ பார்த்து நடந்த வீட்டுப் பிரசவத்தில் இறந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்தவர் கைதானார். என்னை எடுத்த மருத்துவச்சி நூற்றுக்கணக்கில் பிள்ளை எடுத்தவர். இன்று உங்கள் கணவர் வீட்டில் அப்படிப்பட்ட கை எது?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. கர்ப்பத்தைப் பதிந்து 12 இலக்க எண் வாங்குவது 2017 அக்டோபர் முதல் கட்டாயம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். இன்றே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். வீட்டில் சண்டை வந்தால் தாய்வீட்டுக்கு வந்துவிடுங்கள், ஏழாம் மாதத்துக்குப் பிறகு தாய்வீடு போவதை எந்த மாமியாரும் வழக்கமில்லை என்று சொல்ல முடியாது.

நான் வெளியே வந்துவிட்டேன். பத்து வயதுத் தங்கை உள்ளே இருக்கிறாள். சொல்லிக்கொடுத்தால் துரோகம் ஆகாதா?

இந்தக் கேள்விக்கு நான் நல்ல உதாரணம் இல்லை. நான் வெளியே வந்தபோது சின்னத் தம்பிக்கு ஒன்பது வயது. அதே ஆண்டுதான் மேலே சொன்ன சட்டம் வந்தது. அப்பாவுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று ஆறு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தபோது அவனுக்கு 15 வயது, சட்டம் 14இல் முடிந்துவிட்டது. அவன் என்னைக் குறை சொன்னதில்லை. கல்லுடைக்கும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறான். ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம் வருகிறான், நிரப்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

அதனால் சொல்கிறேன், காத்திருக்காதீர்கள். முதலில் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுப்பது அவர்கள் வேலைதான், யார் சொன்னார்கள் என்று வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. கல்வித்துறை உதவி எண் 14417. தங்கைக்கு உடம்பு மோசமாக இருந்து வைத்தியம் மறுக்கப்பட்டாலோ, அடி விழுந்தாலோ 1098. போலீஸ் வந்து அப்பாவை இழுத்துப்போகும் காட்சி உங்கள் மனதில் ஓடுகிறது என்று தெரியும். நான் பார்த்தவரை வருவது ஓர் ஆசிரியை, ஒரு நோட்டுப் புத்தகம், திரும்பத் திரும்ப மூன்று நான்கு வருகை.

எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

'வீட்டில் படித்தேன்.' இரண்டு சொல் போதும். முழுக் கதையும் சொல்ல நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை.

ஆனால் அக்கா, நல்லதும் இருந்ததே? எனக்கு அந்தத் தோட்டம் ஞாபகம் வருகிறது.

எனக்கும் வருகிறது. மண்ணை முகர்ந்து மழை சொல்வேன். பதினொரு வகைக் கீரை பெயர் தெரியும். இரவில் அப்பா விளக்கை அணைத்துவிட்டுத் திருவருட்பா பாடுவார். அப்படி ஒரு குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதையும் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் பிடுங்க வரவில்லை. ஆனால் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள், அவர்கள் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து தேர்ந்தெடுத்தார்கள். நமக்குத் தேர்வு வைக்கவில்லை.

நாங்களும் பிள்ளைகளை இயற்கையோடு வளர்க்கும் பெற்றோர்தான். உங்கள் பேச்சு எங்களைக் குற்றவாளி ஆக்குகிறது.

பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? திறந்தநிலைப் பள்ளியில் பதிந்தீர்களா? டெட்டனஸ் ஊசி போட்டீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உங்களைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை.

கடைசியாக ஒன்று. எனக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். நாளை மயங்கி விழுந்தால் நான் என்ன செய்வது?

நினைவோடு இருக்கும் வயதுவந்தவர் வைத்தியம் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. இதில் அவர்களை நாம் வற்புறுத்த முடியாது. நம்மிடம் அவர்கள் செய்ததை நாம் அவர்களிடம் செய்வதாகிவிடும். நினைவு தப்பியவர் விஷயம் வேறு என்றுதான் நான் முடிவெடுத்தேன். சரியா என்று கேட்டால் சட்டத்தைக் காட்டமாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

2023இல் அம்மா மாட்டுக் கொட்டகையில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சில்லை. நான் அன்று அங்கே இருந்தது தற்செயல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் என்று படித்திருந்தேன். 108ஐ அழைத்தேன். அப்பா தடுக்கவில்லை, வண்டியில் ஏறவும் இல்லை. பின்னாலேயே பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார். தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். உள்ளே மட்டும் வரவில்லை.

அம்மாவுக்குப் பேச்சு திரும்பியதும் என்னிடம் ஆறு வாரம் பேசவில்லை. மாத்திரையை மட்டும் இருவேளையும் கணக்காகச் சாப்பிடுகிறார், அட்டை தீரப்போனால் அப்பாவின் போனிலிருந்து எனக்கு ஒரு தவறிய அழைப்பு வரும்.